பியானோக் கட்டைகளுக்கு நடுவில்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். இசை ஆகுமா ஆகாதா என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். பாட்டே கேட்காதவர்களும் வாசிக்கக்கூடிய விஷயம்தான் இது, ஏனென்றால் பாங்கோடும் கிறாஅத்தோடும் நம் உம்மம்மாமாரின் தாலாட்டோடும் இதற்குச் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் நாம் சொல்லப்போவது ஒரு செக் நாட்டுக்காரரின் கதை. அவரும் நம்மைப் போல ஆசிரியர் பயிற்சி முடித்து, பாடசாலையில் படிப்பித்தவர்.

பெயர் அலோயிஸ் ஹாபா. 1893இல் மொராவியாவில் வீசோவிட்சே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்போது அது ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தது. வீட்டில் நிறையப் பிள்ளைகள். தாயாருக்கு ஊர்ப்பாட்டுகள் ஏராளமாகத் தெரியும். மலைப்பக்கத்து மக்களின் பாட்டும் பிடிலும் கேட்டு வளர்ந்த பிள்ளை. 1908 முதல் 1912 வரை க்ரொமெர்ஷீஷ் நகரில் ஆசிரியர் பயிற்சி, அதன்பின் ஒரு சிற்றூரில் ஆசிரியர் வேலை. அந்த வேலையோடு அவர் இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கு அவசியம் வந்திராது. 1914இல் பிராக் நகருக்குப் போய் இசையமைப்புப் படித்தார், பிறகு வியன்னா, பிறகு பேர்லின். மேலைத்தேய சங்கீதத்தை அதன் தலைநகரங்களிலேயே கற்றுக்கொண்டார். கற்ற பிறகும் ஊர்க்காரர்களின் தொண்டையில் கேட்ட ஓசை அவரை விடவில்லை. அந்த ஓசைகள் பியானோவில் இல்லை.

இல்லை என்றால் எப்படி? வீட்டில் பிள்ளைகளின் ஓர்கன் இருந்தால் பாருங்கள். ஒரு 'ஸ'வில் தொடங்கி அடுத்த 'ஸ'வுக்கு வரும்போது வெள்ளையும் கறுப்பும் சேர்த்துப் பன்னிரண்டு கட்டைகள். அதில் ஒரு கட்டை செக்கனுக்கு 440 தடவை அதிரும் ஓசையைத் தரும் என்றால், அடுத்த கட்டை ஏறக்குறைய 466 தரும். 453இல் ஓர் ஓசை இருக்கிறதா? தாராளமாக இருக்கிறது. உங்கள் தொண்டையால் பாடலாம், பிடிலில் விரலை நகர்த்தி எடுக்கலாம். ஓர்கனில் மட்டும் அதற்குக் கட்டை இல்லை. பன்னிரண்டையும் சம அளவாக வெட்டி வைத்தது எந்தக் கட்டையிலிருந்தும் பாட்டைத் தொடங்கலாம் என்ற ஒரு வசதிக்காகத்தான். நல்ல வசதி, அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பாடசாலைகளில் ஒரு பிள்ளை அந்த 453இல் நின்றால் 'சுருதி பிசகுது' என்று நிறுத்துவதுதான் வழக்கம். பிள்ளை பிழையா, கட்டை போதாதா என்று யாரும் யோசிப்பதில்லை.

ஹாபா யோசித்தார். 1920இல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் ஓசைகளையும் சேர்த்து, அதாவது பன்னிரண்டுக்குப் பதிலாக இருபத்துநான்கை வைத்து, நான்கு நரம்பு வாத்தியங்களுக்கு ஓர் உருப்படி எழுதினார். இதைக் கால்சுரம் என்று சொல்லலாம், முழுச்சுரத்தின் கால்வாசி. பிடிலில் அதை வாசிக்கலாம். பியானோவில் என்ன செய்வது? பியானோ செய்பவர்களிடம் போனார். ஃபோர்ஸ்டர் என்ற பியானோ நிறுவனம் 1924இல் அவருக்காக ஒரு கால்சுரப் பியானோவைச் செய்துகொடுத்தது. இரண்டு பியானோவின் உள்பகுதிகளை ஒரே பெட்டிக்குள் வைத்தது போன்ற பெரிய சாமான், அதற்கு மூன்று அடுக்குக் கட்டைகள். கால்சுரம் வாசிக்கும் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் செய்வித்தார். பிற்பாடு முழுச்சுரத்தை ஆறாக வெட்டும் ஹார்மோனியமும் வந்தது. பிராக் இசைக் கல்லூரியில் இதையே பாடமாக நடத்தத் தொடங்கினார். 1927இல் இதற்கென்று ஓர் இலக்கண நூலையும் வெளியிட்டார்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு அவரிடம் பிடித்த இடம் இதுதான். 'என் ஊர்க்காரர் பாடுவது அழகு' என்று மேடையில் பேசிவிட்டுப் போக எவராலும் முடியும். அந்த அழகுக்கு வாத்தியம் செய்து, பாடத்திட்டம் எழுதி, மாணவரைச் சேர்த்து, பரீட்சை வைப்பதற்கு வேறு மாதிரியான பொறுமை வேண்டும். ஒரு புதுப் பாடத்தைப் பாடசாலை நேரசூசிக்குள் கொண்டுவர முயன்றவர்களுக்கு இது விளங்கும்.

1931 மே 17ஆம் திகதி ஜேர்மனியின் மியூனிக் நகரில் அவருடைய 'தாய்' என்ற இசை நாடகம் அரங்கேறியது. முழுவதும் கால்சுரத்தில். அரசர், தேவதை யாரும் இல்லாத கதை. மனைவியை இழந்த ஒரு விவசாயி, அவருடைய பிள்ளைகள், அந்த வீட்டுக்கு இரண்டாந் தாரமாக வந்து அத்தனை பேரையும் வளர்க்கும் ஒரு பெண். அவ்வளவுதான். வசனத்தையும் ஹாபாவே தன் ஊர் வாழ்க்கையிலிருந்து எழுதினார். பாடகர்கள் பழக்கமில்லாத ஓசைகளை ஒவ்வொன்றாகப் பயின்று பாட வேண்டியிருந்தது. மியூனிக்கில் அது ஜேர்மன் மொழியில்தான் பாடப்பட்டது. தன் சொந்த மொழியில் பிராக் மேடையில் அதைப் பார்க்க அவர் 1947 வரை காத்திருந்தார்.

இப்போது நம் பக்கம் வருகிறோம்.

1932இல் எகிப்து மன்னர் முதலாம் ஃபுஆத் கெய்ரோவில் அரபு இசை மாநாடு ஒன்றைக் கூட்டினார். மொரோக்கோ, அல்ஜீரியா, துனிசியா, ஈராக், சிரியா என்று பல இடங்களிலிருந்தும் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வந்தார்கள். ஐரோப்பாவிலிருந்தும் அறிஞர்கள் வந்தார்கள். ஹங்கேரியின் பேலா பார்டோக் வந்தார், ஜேர்மனியின் பவுல் ஹிண்டெமித் வந்தார், வாத்திய வரலாற்று அறிஞர் குர்ட் ஸக்ஸ் வந்தார். ஹாபாவும் வந்தார். கால்சுரத்துக்காகப் பியானோ செய்வித்த மனிதர், நடுச்சுரங்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு நாட்டில் வந்து நின்றார்.

ஆயிரம் வருடம் என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. ஹாரூன் அர்-ரஷீத் காலத்து பக்தாதில் மன்சூர் ஸல்ஸல் என்ற ஊது வாசிப்பவர் இருந்தார், 791இல் மரணித்தவர். ஊதின் தந்தியில் வழக்கமான இரண்டு இடங்களுக்கு நடுவே அவர் நடுவிரலை வைத்த இடத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 'வுஸ்தா ஸல்ஸல்', ஸல்ஸலின் நடுவிரல். பத்தாம் நூற்றாண்டில் அல்-ஃபாராபி தன்னுடைய பெரிய இசை நூலில் அந்த இடத்தைக் கணக்குப் போட்டு எழுதினார். ஒரு மனிதர் விரலை வைத்த இடம் கணிதமாகி, நூலாகி, இன்றுவரை பேசப்படுகிறது. பியானோவில் அந்த இடத்தைத் தேடினால் கிடைக்காது.

இசையே கேட்காதவர்களும் அந்த நடுச்சுரத்தைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். காரி அப்துல் பாஸித்தின் ஓதலைக் கேட்காத முஸ்லிம் வீடு நம் நாட்டில் உண்டா? எகிப்தியக் காரிகள் வழமையாகத் தொடங்குவது பயாத்தி என்ற மகாமில். அதன் இரண்டாவது சுரம் ஓர்கனின் எந்தக் கட்டையிலும் உட்காராது. ஒன்றை அழுத்தினால் ஓசை கீழே போகும், அடுத்ததை அழுத்தினால் மேலே போகும். றாஸ்ட், ஸீகா என்ற மகாம்களும் அப்படித்தான். நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறதே என்று நாம் சொல்வதில் அந்த நடுச்சுரத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கெய்ரோ மாநாட்டில் பெரிய வாதம் எதைப் பற்றித் தெரியுமா? பியானோவைப் பற்றி. அரபு இசைக்குள் பியானோவை எடுக்கலாமா கூடாதா? நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக நடந்தது. எகிப்தியர் பலர் எடுக்கலாம் என்றார்கள். நாங்களும் முன்னேற வேண்டாமா, உலகம் எங்கே போகிறது, நாங்கள் மட்டும் பழைய வாத்தியங்களோடு இருப்பதா என்பது அவர்கள் கேள்வி. ஐரோப்பிய அறிஞர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். உங்கள் ஓசையை இந்தப் பெட்டி சாப்பிட்டுவிடும் என்பது அவர்கள் பதில். கால்சுரப் பியானோவும் பேச்சில் வந்தது. அதற்குள்ளும் ஒரு தகராறு. இருபத்துநான்காகச் சமமாக வெட்டினால் நம் சுரங்கள் அதில் சரியாக விழுமா என்று கேட்டார்கள். ஒருவர் விழும் என்றார், இன்னொருவர் விழாது, ஊர் ஊருக்கு அது மாறுகிறது என்றார். ஒத்த முடிவு வரவில்லை.

நாங்கள் இதில் யார் பக்கம்? ஐரோப்பியர் ஓசை விஷயத்தில் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சரிக்குள் எங்களை உறுத்துகிற ஒன்றும் இருக்கிறது. அவர்கள் தங்கள் ஊரில் நாளுக்கொரு புதுமை செய்துகொண்டு, கெய்ரோக்காரரிடம் மட்டும் நீங்கள் அப்படியே இருங்கள், அதுதான் அழகு என்றார்கள். அதைக் கேட்ட எகிப்தியருக்குக் கோபம் வந்திருந்தால் அது நியாயம். ஹாபாவிடம் எங்களுக்கு மரியாதை வருவது இதனால்தான். பியானோவின் பன்னிரண்டு போதாது என்ற கேள்வியை அவர் முதலில் தன் ஊர் வாத்தியத்திடமே கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துருக்கியிலிருந்து நெஜில் காஸிம் அக்ஸெஸ் என்ற இளைஞர் பிராக் வந்து ஹாபாவிடமும் படித்தார். பின்னாளில் துருக்கியின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். அந்தத் துருக்கியில் 1934 நவம்பரில், நவீனமாகிறோம் என்ற பெயரில், பழைய துருக்கி இசையை வானொலியில் ஒலிபரப்பவே தடை போட்டார்கள். 1936 வரை நீடித்தது. நடுச்சுரத்தைப் பிறப்பிலேயே வைத்திருந்தவர்கள் அதை வானொலியிலிருந்து துரத்திக்கொண்டிருந்த அதே வருடங்களில், பிராக் நகரில் ஒரு முன்னாள் பாடசாலை ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்துக்கொண்டிருந்தார். நம்மிடம் இருப்பதன் பெறுமதி வெளியே ஒருவன் கேட்கும்வரை நமக்குத் தெரிவதில்லை என்பது முஸ்லிம் உலகத்துக்குப் புதிய கதை இல்லைதானே.

பிறகு நாஜிகள் வந்தார்கள். ஹாபாவின் இசைக்குத் தடை வந்தது. அவரிடம் படித்த யூத மாணவர்களின் கதையை எழுதும்போது கை தயங்குகிறது. விக்டர் உல்மன் 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். கிடியோன் க்ளைன் 1945 ஜனவரியில் இன்னொரு முகாமில் மாண்டார், வயது 25. கால்சுரப் பியானோவை மேடையில் வாசித்த கரெல் ரைனர் பல முகாம்களைத் தாண்டி உயிரோடு திரும்பினார். அந்தப் பியானோவுக்கு வாசிக்கத் தெரிந்த விரல்கள் உலகத்திலேயே சிலதான் இருந்தன. அதில் எத்தனை போயின என்று பாருங்கள். போருக்குப் பின் கம்யூனிச ஆட்சிக்கும் இந்த இசை பிடிக்கவில்லை. மக்களுக்கு விளங்காத இசை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஊர் மக்களின் தொண்டையிலிருந்து எடுத்ததாம், அது மக்களுக்கு விளங்காதாம்! 1950களின் தொடக்கத்தில் கல்லூரியில் அவருடைய பிரிவு மூடப்பட்டது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1967இல், 74 வயதில், முழுச்சுரத்தை ஐந்தாக வெட்டித் தன் பதினாறாவது நால்வர் உருப்படியை எழுதினார். 1973இல் பிராக் நகரில் காலமானார். ஆறில் ஒரு பங்குச் சுரத்தில் எழுதிய இன்னொரு இசை நாடகம் அவர் இருக்கும்வரை மேடையேறவே இல்லை.

ஹாபாவின் எல்லாமே சரி என்று சொல்ல நாங்கள் வரவில்லை. யூடியூபில் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பலருக்குப் பிடிக்காது. ஒருமுறை வந்த இசை வரியைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு பிடிவாதமும் அவரிடம் இருந்தது. திரும்பத் திரும்ப வருவதால்தான் ஊர்ப்பாட்டு மனதில் நிற்கிறது, அதை விட்டுவிட்டு ஊர் ஓசையை மட்டும் எடுத்தால் எப்படி? அதைவிட முக்கியமான ஒன்று. பன்னிரண்டாக வெட்டிய அளவுகோலைத் தள்ளிவிட்டு அவர் கையில் எடுத்தது இருபத்துநான்காக வெட்டிய அளவுகோலைத்தான். நுணுக்கமானதுதான், ஆனால் அதுவும் அளவுகோல். மோதினார் பாங்கு சொல்லும்போது ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிறாரே, அந்த வழுக்கலுக்கு எந்த வெட்டும் போதாது. கர்நாடக சங்கீதக்காரர்கள் கமகம் என்பது இதைத்தான். அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971வரை ஹார்மோனியத்தை உள்ளே விடாமல் வைத்திருந்ததற்கும் இந்த வாதம் ஒரு காரணம். கெய்ரோவில் 'சமமாக வெட்டினால் விழாது' என்று சொன்னவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது.

ஆனாலும் அவர் கேட்ட கேள்வி வீண்போகவில்லை. வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வந்த நம் சகோதரர்கள் பார்த்திருப்பார்கள். யமஹா, கோர்க் நிறுவனங்கள் அரபு நாடுகளுக்கென்று விற்கும் ஓர்கன்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேண்டிய கட்டை கால்சுரம் இறங்கிக்கொள்ளும். கடைசியில் பெட்டிதான் ஓசைக்கு வளைந்து கொடுத்தது.

நம் ஊரில் அது எதிர்ப்பக்கமாகப் போகிறது. இப்போது வெளிவரும் நஷீத் வீடியோக்களைக் கவனியுங்கள். பிள்ளைகளின் குரல் கண்ணாடி மாதிரி வழுவழு என்று இருக்கும். ஓட்டோ-டியூன் என்ற மென்பொருளின் வேலை அது. எண்ணெய் வளம் தேடும் தொழிலில் இருந்த ஓர் அமெரிக்கப் பொறியியலாளர் 1997இல் வெளியிட்டது. நடுவில் நிற்கும் குரலைப் பிடித்துப் பக்கத்துக் கட்டைக்கு இழுத்துவிடும். ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்லவில்லை. கேட்பவர்கள் 'சூப்பர் வொய்ஸ்' என்கிறோம், அவர் கொடுக்கிறார். ஆனால் அப்படியே கேட்டு வளரும் பிள்ளைக்கு, தன் உம்மம்மா பாடும் தாலாட்டு ஒருநாள் சுருதி பிசகிய பாட்டாகக் கேட்கத் தொடங்கும். எங்கள் பயம் அதுதான்.

கிழக்கில் வயல் காவலுக்குப் பரணில் இருந்தவர்கள் பாடிய கவி, பெண்கள் வீட்டுக்குள் பாடிய கவி, தாலாட்டு, களிகம்புப் பாட்டு, றபானோடு வரும் பக்கீர் பைத், எல்லாவற்றிலும் அந்த நடு ஓசைகள் நிறைந்து கிடக்கின்றன. கவிகளின் சொற்களை நம் அறிஞர்கள் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். சொல் புத்தகத்தில் தங்கும். இழுப்பும் நெளிவும் தங்காது. அது பாடுகிறவரோடு மையவாடிக்குப் போய்விடும். தமிழ்த்தினப் போட்டிக்கும் மீலாத் விழாவுக்கும் நாட்டார் பாடல் பழக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் ஓர்கனைத் திறக்காதீர்கள். ஊரில் பாடத் தெரிந்த ஒரு பெரியவரிடம் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அவர் பாடுகிறபடியே பிள்ளை பாடட்டும். நடுவர்களாக இருப்பவர்களும் கட்டையில் அமராத குரலுக்குப் புள்ளி குறைக்குமுன் ஒருதரம் யோசியுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இந்த விடுமுறையில் பழைய குரல்களைச் சேர்க்க நினைத்திருக்கிறோம். வீட்டில் உம்மம்மா, மூத்தவாப்பா யாராவது பாடுவார்கள் என்றால் அவர்களிடம் கேட்டு, விருப்பத்தோடு, ஃபோனில் பதிவுசெய்து உள்பெட்டிக்கு அனுப்புங்கள். பெயர், ஊர், ஏறக்குறைய வயது, எங்கே யாரிடம் கேட்டுப் பழகியது என்பதை எழுதுங்கள். பெண்களின் குரல் வெளியே போக வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள், குடும்பத்துக்குள்ளேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் போதும். பழைய கசட் இருந்தால் எறியாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். ஒரேயொரு நிபந்தனை. எந்த அப்பிலும் போட்டுக் குரலைத் திருத்த வேண்டாம், பின்னணி இசை சேர்க்க வேண்டாம். நடுவில் இருமினால் இருமட்டும், முற்றத்தில் கோழி கத்தினால் கத்தட்டும். பாடியது பாடியபடியே வரட்டும்.